பழைய கணிப்பொறிக்கும் ஒரு குடிமராமத்து



உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கிறதா? அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்த காலத்தில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியாக அது இருக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தின் கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் இலட்சக்கணக்கில் தமிழகத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயக்க முறைமையும் சேர்த்தே தரப்பட்டது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே, "பழையதில் லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்" என்று மாணவர்கள் பலர் முயல்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த வழியில் ஒரு குழி உண்டு. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாங்குநேரியில் எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவன். அவன் வீட்டில் இரண்டாம் கையாக வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதனுள் ஜிஃபோர்ஸ் 210 என்ற பழைய கிராபிக்ஸ் கார்டு. அவன் தானே முயன்று ஆர்ச் லினக்ஸை நிறுவினான். அந்தக் கார்டுக்குரிய டிரைவர் ஆர்ச் லினக்ஸின் அதிகாரபூர்வத் தொகுப்பில் இல்லை. பயனர்களே தங்களுக்குள் பேணிவரும் தொகுப்பிலிருந்து அதை எடுத்துப் பொருத்தினான். சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. ஒரு நாள் காலை, வழக்கம்போல் மென்பொருள்களைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் இயக்கினான். திரை கறுத்துவிட்டது. மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனான். "ஊர் பேர் தெரியாதவன் செஞ்சதை நம்பினா இப்படித்தான் தம்பி. புதுசா ஒண்ணு வாங்கிடு" என்றார் அவர். வாங்குவதற்குப் பணம்? அது அவன் வீட்டில் இல்லை. என்னிடம் வந்து, "சார், நான் அவங்களை நம்பினது தப்பா?" என்று கேட்டான்.

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு உடனே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட முடியாது. முதலில் டிரைவர் என்பது என்ன என்று பார்ப்போம்.

திரையில் படம் வருவது எப்படி?

சாதாரண மடிக்கணினித் திரை ஒன்றில் குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 10,49,088 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுவதாகக் கொண்டால், ஒரு விநாடியில் ஆறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் குறித்து அனுப்பவேண்டும். இந்த வேலைக்கென்றே தனியாக அமைந்ததுதான் வரைகலைச் சில்லு.

அந்தச் சில்லுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. குறிப்பிட்ட முகவரியில் குறிப்பிட்ட எண்ணை எழுதினால் குறிப்பிட்ட வேலையைச் செய்யும், அவ்வளவே. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதவேண்டும் என்று அறிந்து, அதைச் செய்யும் நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். தமிழில் இயக்கி எனலாம். சில்லைச் செய்த கம்பெனிக்கு அந்த எண்களின் பொருள் தெரியும். கம்பெனி வெளியே சொன்னால் மற்றவர்களுக்கும் தெரியும். சொல்லாவிட்டால்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

லினக்ஸின் நடுவே கெர்னல் என்ற கரு நிரல் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் அதன் உள் இணைப்புகள் சில மாறக்கூடும். கெர்னலோடு சேர்ந்தே இருக்கும் இயக்கிகளுக்கு இதனால் தொல்லையில்லை. இணைப்பை மாற்றுபவரே அந்த இயக்கிகளையும் கையோடு திருத்திவிடுவார். வெளியே தனியாக இருக்கும் இயக்கியை அவ்வாறு திருத்துவார் யாரும் இல்லை. அதைச் செய்த கம்பெனிதான் திருத்தவேண்டும்.

கம்பெனி எத்தனை காலம் திருத்தும்? என்விடியா நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜிஃபோர்ஸ் 210 போன்ற கார்டுகளுக்கான 340 வரிசை இயக்கியின் கடைசிப் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. ஜிஃபோர்ஸ் 400, 500 வகைகளுக்கான 390 வரிசையின் கடைசிப் பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. ஜிடி 710 போன்றவற்றுக்கான 470 வரிசையின் ஆதரவு 2024-இல் முடிந்தது. கார்டு பழுதாகவில்லை, மின்விசிறி சுழல்கிறது, சில்லு கணக்கிடுகிறது. அதனோடு பேசத் தெரிந்த நிரல்தான் காலத்தால் பின்தங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் தொண்டர்கள் வருகிறார்கள். என்விடியாவின் பழைய இயக்கியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கெர்னலோடு ஒட்டவைக்கும் மெல்லிய பகுதி. இதன் மூலநிரலைக் கம்பெனி தருகிறது. மற்றொன்று, உள்ளிருக்கும் பெரிய பகுதி. இது இயந்திர மொழியில் மட்டுமே கிடைக்கிறது. பிரித்துப் படிக்க வழியில்லை. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் தொண்டர்கள் ஒட்டும் பகுதியைத் திருத்தி, ஒரு பொதியாகக் கட்டி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைக்கிறார்கள். ஆர்ச் லினக்ஸில் இத்தகைய பொதிகளின் களஞ்சியத்துக்கு ஏ.யூ.ஆர். என்று பெயர். சரியாகச் சொன்னால் அங்கிருப்பவை சமைத்த உணவு அல்ல, சமையல் குறிப்புகள். அந்தக் குறிப்பின்படி உங்கள் பொறியே இயக்கியைத் தயாரித்துக்கொள்கிறது.

அந்த மாணவன் வீட்டில் நடந்தது இதுதான்: புதிய கெர்னல் முதலில் வந்துவிட்டது, தொண்டரின் திருத்தம் சில நாள் கழித்து வந்தது. இடைப்பட்ட நாள்களில் திரை கறுத்தது.

நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்

'ஊர் பேர் தெரியாதவர்கள் கூடிப் பேணும் பொருளை நம்பலாமா?' என்று கேட்பவர்கள் ஒரு முறை நாங்குநேரிப் பெரியகுளத்துக் கரையில் நின்று பார்க்கவேண்டும். நமது தென்பாண்டிச் சீமையில் ஆற்றுப்பாசனம் எட்டாத ஊர்கள் குளத்தை நம்பியே பிழைத்தன. கரையில் மண் போடுவது, வாய்க்காலில் புல் செதுக்குவது, வண்டல் அள்ளுவது, மறுகால் பாயும்போது காவல் இருப்பது ஆகிய வேலைகளை ஊரார் முறைவைத்துச் செய்தார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். இந்த வழக்கத்தைக் கட்டாயமாக்கி, ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியது. 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் நீர்நிலைகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்கியது.

குளத்தை வெட்டியவர் யாரென்று பல ஊர்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் கரை நிற்கிறது, நீர் நிற்கிறது. காரணம், அடுத்தடுத்து வந்த தலைமுறைகள் அதைப் பேணின. மென்பொருளிலும் இது புதுமையன்று. சென்னையில் சி-டாக் உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன் என்ற லினக்ஸ். டெபியன் 1993-இல் இயன் முர்டாக் தொடங்கி, இன்றுவரை தன்னார்வலர்கள் பேணிவருவது. ஆக, அரசு கொடுத்த மடிக்கணினிக்குள் இருந்ததும் ஒரு வகைக் குடிமராமத்துத்தான்!

எனவே, பலர் கூடிப் பேணுவது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கவேண்டியதில்லை. கம்பெனி கைவிட்ட பின்பும் அந்த மாணவனின் கார்டை வாழவைத்தவர்கள் அந்த ஊர் பேர் தெரியாதவர்களே.

பூட்டிய மடை

ஆனால் ஒரு குளத்தின் மடையைப் பூட்டிச் சாவியை ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் கரையைப் பலப்படுத்தலாம், வாய்க்காலைத் தூர்வாரலாம். மடைக்குள் விரிசல் விட்டிருந்தால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

பழைய என்விடியா இயக்கிகளின் நிலை இதுவே. ஒட்டும் பகுதியைத் தொண்டர்கள் திருத்தலாம். உள்ளே இருக்கும் பெரிய பகுதியில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அவர்களால் அதைச் சரிசெய்ய முடியாது. புதிய வசதியைச் சேர்க்கவும் முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: லினக்ஸில் திரையை அமைக்கும் பழைய எக்ஸ்11 முறை மெல்ல விடைபெற்று, வேலாண்ட் என்ற புதிய முறை வருகிறது. அதற்குத் தேவையான ஜி.பி.எம். என்ற ஏற்பாட்டை என்விடியா 2021-இல் வந்த 495 வரிசையில்தான் சேர்த்தது. 340, 390 வரிசைகளுக்கு அது கிட்டவில்லை. இனிக் கிட்டப்போவதும் இல்லை. எத்தனை தொண்டர்கள் கூடினாலும் இதுதான் நிலைமை.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் வகையிலிருந்து பிந்திய சில்லுகளுக்கு மட்டுமே பயன்படும். பரணில் கிடக்கும் கார்டுகளுக்கு அதனால் பயனில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். நுவோ என்று ஓர் இயக்கி உண்டு. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குப் 'புதியது' என்று பொருள். கம்பெனி சொல்லாத இரகசியங்களைச் சோதனைகளாலேயே கண்டறிந்து எழுதப்பட்ட இயக்கி இது. ஒரு முக்கோணம் வரையும்படி கம்பெனியின் இயக்கிக்குக் கட்டளையிடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் சில்லின் எந்தெந்த முகவரிகளில் எண் மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். இப்படியே ஆயிரமாயிரம் சோதனைகள். அணுவைப் பிளந்து பார்க்காமலே, தங்கத் தகட்டில் மோதிச் சிதறிய ஆல்ஃபா துகள்களைக் கொண்டு அணுக்கரு இருப்பதை 1911-இல் ரூதர்ஃபோர்டு ஊகித்தார் அல்லவா? வழி அதுதான். நுவோ 2010-இல் வெளியான லினக்ஸ் 2.6.33 கெர்னலிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆகவே கெர்னல் மாறும்போது அதுவும் சேர்ந்து மாறுகிறது.

அதற்கும் குறை உண்டு, மறைக்கக்கூடாது. பல கார்டுகளை அது முழு வேகத்தில் ஓட்ட இயலாது. 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சில்லுகள் முதல், கம்பெனியின் கையொப்பமிட்ட உள்நிரல் இல்லாமல் வேகத்தைக் கூட்டவே முடியாதபடி செய்துவிட்டார்கள். வேகமான விளையாட்டுகளுக்கு நுவோ போதாது. பாடம் படிக்க, நிரல் எழுத, படம் பார்க்க அது போதும்.

இன்டெல் சில்லுகளின் கதை இன்னும் மகிழ்ச்சியானது. அவற்றின் இயக்கி மூலநிரலோடு திறந்தே கிடக்கிறது. 2011 காலத்துச் சேண்டி பிரிட்ஜ் உள்ளிட்ட பழைய இன்டெல் சில்லுகளுக்கென்று குரோக்கஸ் என்ற புதிய இயக்கி 2021-இல் மெசா என்ற வரைகலைத் தொகுப்பில் சேர்ந்தது. அதை எழுதியவர்களுள் முதன்மையானவர் டேவ் ஏர்லி. அவர் இன்டெல் ஊழியர் அல்லர்! பத்து ஆண்டு கடந்த பொறிக்கு வெளியாள் ஒருவர் புதிய இயக்கி எழுத முடிந்தது எப்படி? மடை திறந்திருந்தது, சாவி எல்லோரிடமும் இருந்தது.

என் கருத்து இதுதான்: கம்பெனியை நம்புவதா, கூட்டுறவை நம்புவதா என்பது சரியான கேள்வி அன்று. மூலநிரல் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதே சரியான கேள்வி. திறந்ததைக் கம்பெனி கைவிட்டாலும் ஊர் காப்பாற்றும். பூட்டியதை ஊர் கொஞ்ச காலம் தள்ளிப்போடத்தான் முடியும்.

காவல் வேண்டும்

திறந்த குளத்துக்கும் காவல் வேண்டும். 2025 ஜூலையில் ஏ.யூ.ஆர். களஞ்சியத்தில், உலாவிகளுக்கான திருத்தம் என்ற பெயரில் மூன்று பொதிகளை யாரோ சேர்த்தார்கள். உண்மையில் அவை பொறியை வெளியாள் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கும் தீய நிரலைக் கொண்டுவந்தன. இரண்டு நாள்களில் அவை கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன.

அதைவிடப் பெரிய செய்தி 2024 மார்ச்சில் வந்தது. எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். அவர் களைத்திருந்த வேளையில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, நம்பிக்கை பெற்று, இரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, 'ஏன்?' என்று தேடியதால் அது பிடிபட்டது. அரை விநாடி! அளந்து பார்க்கும் பழக்கத்தின் அருமையை இதைவிட நன்றாக எந்த இயற்பியல் பாடமும் சொல்லாது.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பழைய குடிமராமத்திலும் எல்லோரும் சமமாக உழைத்துவிடவில்லை. கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். நீர் பாய்ந்த நிலம் வேறு பலருடையது. இன்று மென்பொருளிலும் பாரம் சிலர் தலையில், பயன் கோடிப்பேருக்கு. சுமப்பவர் சோர்ந்துபோனால் கரை உடையும். 'இலவசமாகக் கிடைக்கிறது' என்று எடுத்துக்கொண்டு, பழுதானதும் ஏசுவது முறையாகுமா?

நாம் என்ன செய்யலாம்?

பழைய பொறி ஒன்றை எழுப்ப நினைக்கும் மாணவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில், உள்ளே என்ன சில்லு என்று பாருங்கள். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை அதைக் காட்டும். நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். கெர்னலோடு வரும் திறந்த இயக்கியே உங்களுக்குப் போதுமானால், வேறெதையும் தேடவேண்டாம்.

போதாது என்றால் தொண்டர் பொதிக்குப் போகலாம். ஆனால் எடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதைப் பேணுபவர் இருக்கிறாரா, அல்லது பொதி அநாதையாக விடப்பட்டிருக்கிறதா? கடைசியாக எப்போது திருத்தினார்? மற்ற பயனர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? குறிப்பில் உள்ள கோப்புகள் எந்த இடத்திலிருந்து இறக்கப்படுகின்றன? இவற்றுக்கு விடை தெரியாமல் நிறுவுவது, ஆழம் தெரியாமல் குளத்தில் காலை விடுவதுபோல்தான்.

மூன்றாவது, இத்தகைய பொறிகளில் வாரந்தோறும் மாறும் லினக்ஸ் வேண்டாம். டெபியன் போல் நெடுங்காலம் ஒரே கெர்னலைப் பேணும் வகையே நல்லது. புதுப்பிக்கும்போது பழைய கெர்னலையும் வைத்துக்கொள்ளுங்கள். திரை கறுத்தால் திரும்பிப்போக வழி இருக்கும்.

நான்காவது, உங்கள் முறை வரும்போது ஒரு கூடை மண் போடுங்கள். நிரல் எழுதத் தெரியவேண்டும் என்பதில்லை. 'இந்தக் கார்டில், இந்தக் கெர்னலில், இந்தப் பிழை வந்தது' என்று தெளிவாக எழுதி அனுப்புவதே பேருதவி. உங்கள் சோதனை முடிவுகளைத் தமிழில் எழுதிவைத்தால் அடுத்த ஊர் மாணவனுக்குப் பயன்படும்.

கடைசியாகப் பள்ளி, கல்லூரிகளுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கணிப்பொறி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் பார்க்கிறோம். 'இதன் இயக்கி லினக்ஸ் கெர்னலுக்குள் திறந்த நிலையில் இருக்கிறதா?' என்ற ஒரு வரியையும் ஒப்பந்தப் புள்ளியில் சேர்த்துக்கொண்டால், கம்பெனி கைகழுவிய பின்னும் அந்தப் பொறிகள் மாணவர்களுக்குப் பயன்படும்.

அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். "நம்பியது தப்பில்லை தம்பி. எதையும் கேட்காமல் நம்பியதுதான் தப்பு" என்றேன். இருவரும் உட்கார்ந்து பழைய பொதியை நீக்கினோம். நுவோ தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டது. திரை ஒளிர்ந்தது. பழைய விளையாட்டு ஒன்று முன்போல் ஓடவில்லை என்பதில் அவனுக்குச் சிறிது வருத்தம்தான். பிறகு, தனக்கு நேர்ந்த பிழையை விவரமாக எழுதி அந்தத் தொண்டருக்கு அனுப்பினான்.

பழுது பார்ப்பவர் சொன்ன ஊர் பேர் தெரியாதவர்களின் கூட்டத்தில், அன்று முதல் நாங்குநேரியும் ஓர் ஊர்.